ஹபீபா பீவியின் பூட்டிய முகம்

கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவன் வந்து நின்றால் ஹபீபா பீவி அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் அங்கேயும் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அந்த ஜமாத்தில் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் அவள் ஆக்கிய நெய்ச்சோறு இருக்கும், அவள் இருக்க மாட்டாள். ஒன்றிரண்டு படத்தில் முக்காட்டின் ஓரமும் ஒரு முழங்கையும் தெரியும், அவ்வளவுதான். உருவம் எடுத்து வைக்கிறது ஆகாது என்று அவளுடைய வாப்பா சொல்லி வளர்த்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவளே சொல்வாள். நான் மௌத்தான பிறகு எவனெவனோ என் மூஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பான், எனக்கு எதுக்கு அந்த வம்பு என்பாள். கவர்மெண்டு விடாது என்பதால் ஐசி என்கிற அடையாள அட்டைக்காக ஒரே ஒரு படம், அதுவும் நேர் முகம், தபால்தலை அளவுக்கு. அதோடு சரி.

அப்பேர்ப்பட்ட மனுசியின் முகத்தை, முன்பக்கம் பக்கவாட்டு என்று எப்படி வேண்டுமானாலும் சாய்த்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய விதத்தில், ஒரு கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டிய நிலைமை தொண்ணூற்றேழில் வந்தது. வைத்தவள் அவளுடைய சொந்த மருமகள் ரொஸ்னா.

ரொஸ்னாவுக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை. பெரிய பெரிய சிப் ஃபேக்டரிகளுக்கு நடுவே ஒரு கட்டிடத்தின் மாடியில் ஒண்டிக்கொண்டிருந்த சின்னக் கம்பெனி அது. லேசர் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின் மேல் விழ வைத்து, மற்றதை நேரே கேமராவுக்கு அனுப்பி, இரண்டும் சேருகிற இடத்தில் உண்டாகும் மெல்லிய வரிகளைப் பதிந்துகொண்டால், அந்த வரிகளுக்குள் பொருளின் உருவம் மேடு பள்ளத்தோடு அடங்கிவிடும். அதுதான் ஹோலோகிராம். பல்சக்கரமோ, கார் பாகமோ, எதைக் கொண்டு வந்து வைத்தாலும் பதிந்து கொடுப்பார்கள். தொல்லை என்னவென்றால், ஒரு சாண் உயரப் பொருளுக்கே தகவல் மலையாகக் குவிந்துவிடும். அந்தக் காலத்து டிஸ்க்கெல்லாம் நாலு பொருளைப் போட்டாலே நிரம்பி வழியும். மலையைச் சுருக்குவதும், சுருக்கியதை அடுத்தவன் பார்க்க முடியாதபடி பூட்டுவதும்தான் ரொஸ்னாவின் வேலை. அதற்கான இரண்டு புரோகிராமையும் எழுதியவள் அவள்தான்.

சுருக்குகிற புரோகிராம் என்ன செய்யும் என்றால், கண்ணுக்கு எட்டாத சின்னச் சின்ன வித்தியாசங்களையெல்லாம் பொறுக்கி வீசிவிடும். மிச்சம் இருப்பதை வைத்தே உருவத்தைப் பார்த்துவிடலாம். பூட்டுகிற புரோகிராம் எல்லாவற்றையும் கலக்கி மணலாக்கி வைக்கும், சாவியைப் போட்டால்தான் மணல் மறுபடி உருவமாகும். அதனால் முதலில் சுருக்க வேண்டும், பிறகுதான் பூட்ட வேண்டும். பூட்டியதைத் தப்பித் தவறியும் சுருக்கக் கூடாது. மணலில் எது வேண்டியது எது வேண்டாதது என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? கண்டபடி அள்ளி வீசும். அதற்குப் பிறகு சரியான சாவியைப் போட்டாலும் மணல்தான் வரும். இதற்கும் ரொஸ்னா ஒரு வழி செய்திருந்தாள். பூட்டிய ஒவ்வொரு பைலின் தலையிலும் ஓர் அடையாளம் விழும், அதைக் கண்டால் சுருக்குகிற புரோகிராம் தொடாமல் தாண்டிப் போய்விடும். பூட்டின பைலை யார் நினைத்தாலும் கெடுக்க முடியாது சார் என்று டைரக்டரிடம் ஒரு நாள் பெருமையாகச் சொன்னாள்.

டைரக்டர் நாகநாதன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். பிள்ளை இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து கம்பெனி ஆரம்பித்தார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வந்து நிற்பார். ரொஸ்னாவின் புரோகிராமைப் பற்றி வெளிநாட்டு மாநாடுகளில் அவர்தான் பேசுவார், எங்கள் குழு என்று ஒரு வார்த்தை போடுவார். அந்தக் குழு என்பது ரொஸ்னா ஒருத்திதான் என்பது அந்த மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை கிடைத்ததே பெரிய காரியம் என்று நினைக்கிற ரகம்.

அந்த வேலைக்கு அவளை அனுப்பியதே மாமிதான். மாமியின் மகன் கமாலைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், கல்யாணமான பொம்பளை ஃபேக்டரி பஸ் ஏறி ஆம்பிளைகளோடு வேலை பார்க்கப் போவதாவது என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். கமாலே கொஞ்சம் பின்வாங்கினான். ஹபீபா பீவிதான், அவள் படித்த படிப்பைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்கவா சொல்கிறீர்கள், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்று ஒரே போடாகப் போட்டாள். காலையில் கந்தூரிக்குச் சமைக்கப் போகிற நாளில்கூட மருமகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுத்தான் போவாள். பெற்ற தாய் இல்லாத ரொஸ்னாவுக்கு இது போதாதா? மாமி என்றால் உயிரை விடுவாள்.

மாமியின் இடது கடைவாயில் ஒரு புண் வந்தது. வெற்றிலைப் புண் என்று தேனைத் தடவிக்கொண்டு மாசக்கணக்கில் சும்மா இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது கீழ்த்தாடை எலும்புவரை போய்விட்டிருந்தது. இடது பக்கத் தாடையை எடுத்துவிட வேண்டும், புண் ஆறினதும் காலில் இருந்து எலும்பு எடுத்து வைத்துத் தாடையைத் திருப்பிக் கட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எந்த வடிவத்தில் கட்டுவீர்கள் என்று ரொஸ்னா கேட்டாள். கை அளவு, கண் அளவுதான், முகத்தின் சரியான உருவம் அளவோடு இருந்தால் மெழுகில் வெட்டி வைத்துக்கொண்டு அதன்மேல் எலும்பை வளைக்கலாம், அது யாரிடம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. என்னிடம் இருக்கும் என்றாள் ரொஸ்னா.

நாகநாதனிடம் போய்க் கேட்டாள். உங்கள் மாமிக்கு என்றால் கேட்கவே வேண்டாம், லேசர் ரூமை ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மனுசன் நல்லவர் என்றுதானே சொன்னேன்.

மாமியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. படமே ஆகாது என்கிறவளிடம், சுற்றிச் சுற்றிப் பார்க்கிற உருவம் எடுக்கப் போகிறோம் என்றால் என்ன சொல்வாள்? சிலை செய்கிற வேலையை என் தலையில் கட்டாதே என்றாள். ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் விட்டுக் கேட்டாள், வைத்தியத்துக்காக என்றால் குற்றமில்லை என்று அவர் சொன்ன பிறகு இறங்கி வந்தாள். இறங்கி வந்தவள் சும்மா வரவில்லை. எந்த ஆம்பிளையும் பார்க்கக் கூடாது. ஒன்றுதான் இருக்க வேண்டும், நகல் கிகல் என்று இரண்டாவது இருக்கக் கூடாது, இரண்டு இருந்தால் ஒன்றை அழிக்க மறந்து போவாய் என்றாள். மெழுகு உருவத்தை டாக்டர் கேட்கிற அன்றுதான் வெட்ட வேண்டும், அது அதற்கு முன்னால் எங்கேயும் உட்கார்ந்துகொண்டு இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். ரொஸ்னா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நகல் இல்லாமல் ஒரு பைலை வைப்பது அவள் தொழிலில் யாரும் செய்யாத காரியம், தெரிந்துதான் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை லேசரை இயக்க ஜெயலெட்சுமி வந்தாள். அந்தக் கம்பெனியில் ரொஸ்னாவைத் தவிர இருந்த ஒரே பெண். மாமி முக்காட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். மயிரிழை அசைந்தாலும் பதிவு கெட்டுவிடும், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றதும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தாள், அதுவும் ஆகாது என்று சொல்லிச் சிரித்துச் சிரித்துத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு கோணமாக எடுத்து முடிக்க, சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். திரையில் முதல் தடவை தன் முகம் திரும்பியதைப் பார்த்ததும் மாமி திடுக்கிட்டுத் துப்பட்டியை எடுத்துத் திரையின் மேல் போட்டாள். ஜெயலெட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்வது என்று ரொஸ்னா முடிவு செய்தாள். மாமியின் முகத்தில் எதை வீசுவது? மோவாயின் ஓரத்தில் இருந்த சின்னப் பள்ளத்தைக்கூட விட அவளுக்கு மனசு வரவில்லை. முழுசாகவே பூட்டினாள். பூட்டிய பைலைக் காட்டி, இதோ, பூட்டியிருக்கிறது என்று அடையாளம் கூட இருக்கிறது பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னாள். அங்கேதான் வந்தது வினை.

"பூட்டியிருக்குன்னு எழுதி வெச்சா, உள்ள என்னமோ இருக்குன்னு நீயே கூப்பிட்டுக் காட்ற மாதிரி ஆச்சே புள்ள" என்றாள் மாமி.

மாமி நகையை இரும்புப் பெட்டியில் வைக்கிறவள் இல்லை, அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறவள். அந்த வழக்கத்தில் வந்த பேச்சு அது. ரொஸ்னாவுக்கும் சுருக்கென்று பட்டது. அந்த மாடியில் இருந்த பையன்கள் சும்மா இருக்கிற நேரத்தில் ஒருத்தன் பூட்டியதை இன்னொருத்தன் உடைத்துப் பார்க்கிறேன் என்று பந்தயம் கட்டுகிறவர்கள். பூட்டைக் கண்டால்தான் அவர்களுக்குக் கை அரிக்கும். மாமி சொல்வது சரிதான் என்று, தலையில் இருந்த அடையாளத்தை எடுத்துவிட்டாள். பைலுக்கு ஒரு பல்சக்கரச் சோதனையின் பெயரை வைத்து, மற்ற பல்சக்கரங்களுக்கு நடுவே போட்டுவிட்டாள். இனி யார் பார்த்தாலும் அது யாரோ வேலை முடிக்காமல் விட்ட பதிவு. பூட்டாத மூலப் பதிவை அழிக்கிற நேரம் வந்தபோது, நானே அழிக்கிறேன் என்று மாமி கையை நீட்டினாள். பிஸ்மி சொல்லி, ரொஸ்னா காட்டிய பொத்தானை அமுக்கினாள்.

ஆபரேஷன் நடந்தது. தாடையை எடுத்துவிட்டார்கள். ரொஸ்னா நீண்ட லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவதும், வழிகிற எச்சிலைத் துடைப்பதும், இடது பக்கம் உள்ளே இழுத்துக்கொண்ட கன்னத்தை மாமி தொட்டுப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொள்வதுமாகப் பொழுது போனது. மாமி ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. அதான் என் மூஞ்சி பத்திரமாக ரொஸ்னாவிடம் இருக்கிறதே, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று குழறிக் குழறிச் சொல்வாள், பார்க்க வந்தவர்களும் சிரிப்பார்கள்.

இங்கே இப்படி இருக்க, வெளியே மலேசியக் காசான வெள்ளியின் மதிப்பு விழுந்துகொண்டிருந்தது. கம்பெனிக்கு வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மூடிவிடலாமா என்கிற நிலைமையில், கோலாலம்பூரில் இருந்து முதலீட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அவர்களுக்கு முன்னால் புதுப் பொருளைப் பதிந்து காட்ட வேண்டும், டிஸ்க்கில் இடம் இல்லை. நாகநாதன் டிஸ்க்கை அலசிப் பார்த்தார். பூட்டிய பைல்களைப் புரோகிராம் தொடாது. பூட்டாமல் சுருக்காமல் இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பதையெல்லாம் சுருக்கினால் போதும் என்று, டிஸ்க் முழுவதற்கும் சுருக்கும் புரோகிராமை ஓடவிட்டார். பல்சக்கரங்களுக்கு நடுவே அடையாளம் இல்லாமல், இருப்பதிலேயே பெரிசாக, ஒரு பைல் உட்கார்ந்திருந்தது. புரோகிராம் அதை மணல் என்று பார்க்குமா, மாமி என்று பார்க்குமா? அள்ள முடிந்ததை அள்ளி வீசிவிட்டு அடுத்த பைலுக்குப் போனது. முதலீட்டுக்காரர்கள் அசந்து போனார்கள். கம்பெனி பிழைத்துக்கொண்டது. ரொஸ்னா லீவு முடிந்து வந்தபோது எல்லோருமாகச் சேர்ந்து நாகநாதனுக்குக் கேக் வெட்டினார்கள், அவளும் கை தட்டினாள்.

புண் ஆறிவிட்டது, மெழுகு உருவத்தைக் கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, ஜுருவில் மெழுகு வெட்டித் தருகிற ஓர் அச்சுப் பட்டறையில் சொல்லி வைத்துவிட்டு ரொஸ்னா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். திரையில் சாம்பல் நிறத்தில் மணல் வந்தது. தப்பாக அடித்துவிட்டோம் என்று திரும்பப் போட்டாள். மணல். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். அப்புறம்தான் பைலின் அளவைப் பார்த்தாள். மலையாக இருந்த பைல் கைப்பிடி அளவுக்கு வந்திருந்தது. பக்கத்து மேசையில் ஜெயலெட்சுமி என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை. தன் கையால் எழுதிய புரோகிராம் எப்படி வேலை செய்யும் என்று இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதனால் இதைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை.

நாகநாதனின் அறைக்குள் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"மாமி மொகம் டிஸ்க்குல இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா சார்?"

"தெரியும். அதுக்கென்ன, நீ பூட்டித்தானே வெச்சிருந்தே" என்றார் அவர்.

அடையாளத்தை எடுத்துவிட்டதையும் பெயரை மாற்றியதையும் அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை, அது உண்மைதான். பிறகு மெல்ல, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"பூட்டின பைலை யாராலும் கெடுக்க முடியாதுன்னு நீதானேம்மா சொன்னே. அதை நம்பித்தானே ஓட விட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் உண்டா? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், ஆஸ்பத்திரி என்ன அண்டார்டிகாவிலா இருக்கிறது என்று கத்த வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. கத்தவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். சரி சார்! அதைச் சொல்லிவிட்டு வந்த தன் நாக்கை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை சபித்துக்கொண்டாள். நாகநாதன் மறு வாரம் ஒரு கூடைப் பழத்தோடு வந்து மாமியைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வருஷக் கடைசியில் ஜப்பானில், சுருக்குதலும் பூட்டுதலும் ஒன்றாக இயங்கும் முறையைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கினார். எங்கள் குழு என்று அங்கேயும் சொல்லியிருப்பார்.

வீட்டில் கமாலிடம் சொன்னாள். விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிற ஆள், அதிர்ந்து பேசத் தெரியாதவன். திட்டுவான், அடிக்கக்கூடச் செய்வான் என்று நினைத்தாள், அப்படி ஏதாவது நடந்திருந்தால் அவளுக்கும் ஆறியிருக்கும். அவன் அலமாரியைத் திறந்து உம்மாவின் படம் தேட ஆரம்பித்தான். இருக்கிற ஆல்பமெல்லாம் புரட்டினான். சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்ப் புரட்டினான். முக்காட்டு ஓரமும் முழங்கையும்தான் கிடைத்தன. கடைசியில் டாக்டரம்மாவிடம் ஐசியைக் கொடுத்தார்கள், அதில் இருந்த படத்திலும் பாதி மோவாயை முக்காடு மறைத்திருந்தது. பார்த்துச் செய்கிறேன் என்றார் அவர். உம்மாவிடம் எதையும் சொல்லக் கூடாது, ரொஸ்னாவின் உருவத்தை வைத்துத்தான் செய்தார்கள் என்று இருக்கட்டும், அந்த நம்பிக்கையில்தான் உம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று கமால் ரொஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவள் சம்மதித்தாள்.

இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. டாக்டரம்மாவைக் குறை சொல்வதற்கில்லை, மாமி மெல்லவும் விழுங்கவும் செய்தாள், பேச்சும் தெளிந்து வந்தது. முகம்தான் வேறாகிவிட்டது. இடது தாடை மெலிந்து மேலேறி, மோவாய் ஒரு பக்கமாக இழுத்து, வாய் கோணிக்கொண்டு நின்றது. உருண்டையான முகம் அவளுக்கு. இப்போது நீண்டு, யாரையோ ஏளனம் செய்கிற தோரணையில் இருந்தது. வீக்கம் வடியட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். வடிந்த பிறகும் அப்படித்தான் இருந்தது.

மாமி கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து, இது யாருடா என்று கேட்டாள். கமாலுக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடியில் நம்மைப் பார்க்கும்போது இடம் வலமாக மாறித்தான் தெரியும் உம்மா, நாம் பார்த்துப் பழகினது அந்த முகம், ரொஸ்னாவின் மெஷின் மற்றவர்கள் பார்க்கிற முகத்தை எடுத்திருக்கிறது, டாக்டர் அதை வைத்துச் செய்ததால் உங்களுக்கு வித்தியாசமாகத் தெரிகிறது என்று சரளமாகச் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அன்றைக்கு மட்டும் எங்கிருந்து கற்றுக்கொண்டு வந்தானோ. மாமி ரொஸ்னாவைத் திரும்பிப் பார்த்தாள். ரொஸ்னா ஆமாம் என்று தலையசைத்தாள். அழிச்சிட்டியா என்று மட்டும் மாமி கேட்டாள். அழிந்துவிட்டது மாமி என்று இவள் சொன்னது அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உண்மை.

அதிலிருந்து மாமி மாறிப்போனாள். அழுது புலம்பியிருந்தால்கூடத் தேவலை. கந்தூரிக்குக் கூப்பிட்டால் முன்னைப் போலப் போனாள், சமைத்தாள். ஆனால் பேச்சுக்குப் பேச்சு யாரையாவது சீண்டிக்கொண்டிருந்தவள் வாயைத் திறப்பது குறைந்தது. பழைய சிநேகிதிகளைக் கண்டால் அவர்கள் முகத்தையே உற்றுப் பார்ப்பாள், எதையோ கண்டுபிடிக்கிறவள் மாதிரி. ரொஸ்னாவுக்குச் சோறு கட்டி வைப்பதை மட்டும் விடவில்லை. அந்தச் சோற்றை அவள் பாயான் லெப்பாஸில் எப்படித்தான் விழுங்கினாளோ, அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஹஜ்ஜுக்குப் போக மாமிக்கு முறை வந்தது. பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில், ஐசியில் இருக்கிற படமும் ஆளும் ஒத்துப் போகவில்லை, முதலில் ஐசிக்குப் புதுப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரொஸ்னாதான் மாமியைக் கூட்டிக்கொண்டு பினாங்கு ரோட்டில் ஒரு படக்கடைக்குப் போனாள். முன்னால் ஒரு சீனக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். எதிரே ஆளுயரக் கண்ணாடி ஒன்று, வருகிறவர்கள் தலை சீவிக்கொள்வதற்காக. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மாமி அதில் தன்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், உங்க மாமா" என்றாள். "முப்பது வருசம் இந்த மூஞ்சிக்கு எதிர உக்காந்து சோறு தின்னுருக்காரு. ஒரு நாளு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

ரொஸ்னாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இத்தனை மாதமாக மாமி தன் முகம் கெட்டுப்போனதற்காகத் துக்கப்படவில்லை. தான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் இருந்தோம், ஊரெல்லாம் பார்த்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு, செத்துப்போன புருசனிடம் உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அழகாக இருந்த மனுசி. சூலியா ஸ்திரீட்டில் கடை வைத்திருந்த அந்த மனுசர், கடையைப் போட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு ஓடி வருவார் என்று ஊரே கேலி செய்த அழகு அது. கமாலுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் காற்றில் போயிற்று. ரொஸ்னா மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, அது உங்க மொகம் இல்ல. நான் வெச்சிருந்தது கெட்டுப் போச்சு, என்னாலதான். டாக்டர் ஐசி படத்தப் பாத்து ஒரு குத்துமதிப்பா செஞ்சாங்க. நாங்க பொய் சொல்லிட்டோம். அல்லா மேல ஆணையா, நீங்க இப்படி இருந்ததே இல்ல."

சொல்லி முடிக்கும்போது கடைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். மாமி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு துப்பட்டி முனையால் மருமகளின் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்காக ஆணை வெச்சுப் பொய் சொல்லாத புள்ள, பாவம் ஒனக்கு" என்றாள். "நீ பூட்டி வெச்சது கெட்டுப் போகுமா? நான் பக்கத்துல இருந்து பாத்தவதானே."

இல்லை மாமி, இல்லை மாமி என்று ரொஸ்னா சொல்லச் சொல்ல, அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். என் மனசு நோகக் கூடாதென்று உன் வேலையை நீயே குறை சொல்வதா, ஒரு குறையும் வைக்காமல் செய்தவள் நீ, அதை யாரிடமும் விட்டுக்கொடுக்காதே என்றாள். சீனக் குடும்பம் வெளியே போனது. கடைக்காரன் கூப்பிட்டான். மாமி எழுந்து போய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, மோவாயை மறைத்த முக்காட்டைத் தானே ஒதுக்கிவிட்டு, கேமராவை நேராகப் பார்த்தாள். ஒன்று எடுத்துவிட்டு, சரியாக வந்ததோ என்னவோ, இன்னொன்று எடுக்கட்டுமா என்று அவன் மலாயில் கேட்டான். எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல் என்று மாமி ரொஸ்னாவிடம் சொன்னாள்.